உங்களுக்குத் தெரியுமா? தூரம் கூடினால் நேரம் குறையும்!

● டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் பக்கமாகச் சுற்றிப் போனபோது 13,900 கி.மீ. பறக்க வேண்டியிருந்தது. 2016 அக்டோபரில் அப்படியே திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் பெருங்கடல் வழியாகப் போனார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆகிவிட்டது. ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் தரையிறங்கினார்கள். பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம்!

● எல்லாம் காற்றின் வேலைதான். தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது ஜெட் காற்று. குளிர்காலத்தில் அதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டிவிடும்.

● நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டன் – நியூயார்க் தூரம் 5,540 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 150 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,050 கி.மீ. வேகம், 5 மணி 17 நிமிடத்தில் போய்விடலாம். எதிர்க்காற்று என்றால் 750 கி.மீ.தான், 7 மணி 23 நிமிடம் ஆகும். ஊர்களும் மாறவில்லை, விமானமும் மாறவில்லை. வித்தியாசம் மட்டும் 2 மணி நேரத்துக்கு மேல்!

● 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவைப் புயல் தாக்கிய சமயம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஒலியின் வேகத்தை மிஞ்சிய கான்கார்ட் விமானத்தின் கதை வேறு. 1996-ல் இதே வழியில் அதற்குத் தேவைப்பட்டது 2 மணி 52 நிமிடம் 59 விநாடி!

● பூமி சுழல்வதால்தான் ஒரு பக்கம் சீக்கிரம் போகிறோம் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றுதானே! ஆனால் ஜெட் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு.

● இந்தக் காற்றை முதன்முதலில் முறையாக அளந்தவர் யார்? ஜப்பானின் வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் டடேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை மேலே விட்டு, அவை நகரும் விதத்தைக் கருவியால் பின்தொடர்ந்து, குளிர்காலத்தில் வீசும் அசுர வேகக் காற்றைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-ல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். வெளிநாடுகளில் கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை! இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மீது பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் சிக்கித் தடுமாறினார்கள்.

● டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரம். அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஆகவே அந்த டெல்லி விமானம் பதினான்கரை மணி நேரம் பறந்தாலும் கடிகாரக் கணக்கில் 2 மணி நேரம்தான் கூடியிருக்கும்.

● டிசம்பர், ஜனவரியில் ஐரோப்பா வழியாக அமெரிக்கா போகிறவர்கள் கவனியுங்கள். எதிர்க்காற்று பலமாக இருக்கும் காலம் அது. அங்கே இறங்கி உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டுமானால், இடையில் தாராளமாக நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.