பக்கத்துத் தறிக்காரர் கையெழுத்துப் போட்டாரா? கூலி ஒப்பந்தமும் சின்ன முதலாளியும்

"யூனியன் கேட்டது, முதலாளி கொடுத்தார்." கூலி உயர்வுச் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஆனா அந்த முதலாளிகிட்ட இருக்கிறதே எட்டு தறி, நாலு ஆளுன்னா? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்துல இருந்து ஆரம்பிப்போம். தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்லை, இது வேற. இங்கே அரசு நிறுவனமான டான்செம்மின் சிமெண்ட் ஆலை இருக்கு. ஒரே நிர்வாகம், ஒரே கேட். ஒப்பந்தம் போட்டா யாரைக் கட்டுப்படுத்தும்ங்கிறதுல குழப்பமே இல்லை.

அதே வட்டாரத்துல, ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி இங்கே விசைத்தறியில நெய்யறாங்க. முதலாளிகள் ஏராளம், பலர் சின்ன ஆட்கள். அதனால கூலிப் பேச்சு ஊர் அளவுல, சங்கத்துக்கும் சங்கத்துக்கும் இடையில நடக்குது.

ஏன் தனித்தனியா பேசக்கூடாது? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 100 ரூபாய் துணியில நெசவுக் கூலி 20, முதலாளிக்கு நிக்கிற லாபம் 3 ரூபாய்னு வெச்சுக்கோங்க. கூலி 10 சதவீதம் ஏறினா செலவு 2 ரூபாய் கூடும். எல்லாரும் ஏத்தினா விலையை 102 ஆக்கலாம். நீங்க மட்டும் ஏத்தினா ஆர்டர் பக்கத்துத் தறிக்குப் போயிடும். விலையை ஏத்தாம விட்டா லாபத்துல மூணுல ரெண்டு பங்கு காலி. சின்ன முதலாளி பயப்படுறது பெரும்பாலும் அந்த 2 ரூபாய்க்கு இல்லை, தான் மட்டும் அதைக் கொடுக்கிறதுக்குத்தான்.

இங்கேதான் சட்டம் வருது. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டப்படி ஒப்பந்தம் ரெண்டு வகையா இருந்துச்சு. இரு தரப்பும் தாங்களே பேசிப் போட்டது 18(1) ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்துச்சு. தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னாடி போட்டது 12(3) ஒப்பந்தம். அந்த நிறுவனத்துல அப்ப இருந்தவங்க, பிறகு சேர்ந்தவங்க எல்லாருக்கும் அது செல்லுச்சு. நிறுவனம் கைமாறினாலும் புதிய முதலாளியையும் கட்டுப்படுத்துச்சு.

ஆனா ரெண்டிலும் ஒரு ஓட்டை இருந்துச்சு. அந்தத் தகராறில் தரப்பாகவே இல்லாத பக்கத்துத் தறிக்காரரை எதுவும் கட்டுப்படுத்தலை. சங்கத்துல சேராதவருக்கு அதுவே லாபம்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த ஓட்டையை அடைக்கலை. 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கம் பேச்சு நடத்தலாம்; வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேணும். ஆனா கணக்கு எடுக்கிறது நிறுவனம் நிறுவனமாத்தான். நாலு பேர் வேலை செய்யற தறிக்கூடத்துல 51 சதவீதம்னா மூணு பேர்.

கையெழுத்துக்குச் சட்ட பலம் இல்லைன்னா என்ன ஆகும்னு கோவை, திருப்பூர்ல பார்க்கலாம். அங்கே கூலிக்கு நெசவு செய்யற தறி உரிமையாளரே கூலி உயர்வு கேட்கிறவர். கொடுக்க வேண்டியவர் நூல் தர்ற ஜவுளி உற்பத்தியாளர். 2021 நவம்பர்ல, அமைச்சர்கள் முன்னிலையில நடந்த பேச்சுக்குப் பிறகு சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீத உயர்வு அறிவிக்கப்பட்டுச்சு. அது கைக்கு வரலைன்னு சொல்லி 2022 ஜனவரி 9 முதல் தறிகளை நிறுத்தினாங்க. சட்டத்தின் கண்ணுல இவங்க தொழிலாளி இல்லை, ரெண்டு வியாபாரிகளில் ஒருத்தர். அதனால தொழிலாளர் சட்டத்தின் சமரச ஒப்பந்தம் இவங்களுக்குக் கிடையாது.

வேற வழி இருக்கா? பிரான்ஸ்ல ஒரு தொழில்துறைக்குப் போட்ட ஒப்பந்தத்தை, அந்தத் துறையின் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும்னு தொழிலாளர் அமைச்சகம் விரிவாக்க முடியும். நம்ம ஊர்ல எல்லாரையும் கட்டுப்படுத்துறது குறைந்தபட்சக் கூலி மட்டும்தான். அது தரை, அதுக்கு மேல எவ்வளவுங்கிறது பேரம்.

அதனால அடுத்த முறை "கூலிப் பேச்சு முடிஞ்சது"ன்னு செய்தி வந்தா, சதவீதத்தோட நிறுத்தாதீங்க. யார் யார் கையெழுத்துப் போட்டாங்க, எத்தனை தறி அதுக்கு வெளியே நிக்குதுன்னும் பாருங்க. அந்த உயர்வு நெசவாளி கைக்கு வருமா, சின்ன முதலாளி தறியை ஓட்ட முடியுமா, ரெண்டுமே அதுலதான் இருக்கு.