வளையல் திருத்தும் சீதை

பங்குனி மகத்தன்று காரைக்குடியில் கம்பன் திருநாள் தொடங்கும். மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் ஊருக்குள் நடக்கும். நிறைவு விழா அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பன் அடங்கிய இடம் என்று இந்தப் பக்கத்து மக்கள் தலைமுறைகளாகக் கும்பிட்டுவரும் சமாதியில். பிறந்த பிள்ளையின் நாவில் அந்த மண்ணைத் துளி தொட்டு வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிவைத்த திருநாள் இது. பட்டிமண்டபத்தை நாடறியச் செய்த மேடையும் இதுதான்.

அந்த மேடையில் மிதிலைக் காட்சியைத் தொடாமல் திருநாள் முடிவது அரிது. வீதியில் விசுவாமித்திரருக்குப் பின்னால் இராமன் நடந்துபோகிறான், கன்னிமாடத்தில் சீதை நிற்கிறாள், கண்கள் சந்திக்கின்றன. வால்மீகியில் வில் முறிவதற்கு முன் இப்படி ஒரு சந்திப்பு இல்லை. சங்க அகப்பாட்டின் களவொழுக்கத்தை ஊறவைத்துக் கம்பன் தானாகச் சேர்த்த இடம் அது. கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கோலங்காண் படலத்தில் வரும் ஒரு நொடி. வில்லை முறித்தவன் அன்று வீதியில் பார்த்தவன்தானா என்ற ஐயம் சீதைக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. தயரதன் முதலானோர் கூடிய மண்டபத்துக்கு அவளை அலங்கரித்து அழைத்து வருகிறார்கள். அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து பார்க்க முடியாது, பார்க்காமலும் இருக்க முடியாது. கைவளையலைச் சரிசெய்வதுபோல் தலையைச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்த்துவிடுகிறாள். அவன்தான். ஐயம் தீர்ந்தது. ஒரு பெண்ணின் காதல் முழுவதையும் கம்பன் ஒரு மணிக்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

இதை வெண்கலத்தில் வார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சோழர் கால இராமனும் சீதையும் நம்மிடம் இருக்கிறார்கள். பருத்தியூரிலும் வடக்குப்பனையூரிலும் கிடைத்த தொகுதிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய பிறகு உற்சவரின் முகம் மட்டுமே நமக்குத் தெரியும். அருங்காட்சியகத்தில்தான் முழு உடலையும் பார்க்கலாம். இராமனின் இடக்கை வில்லைப் பற்றியதுபோல் உயர்ந்திருக்கும். வில் தனியாகச் செய்து பொருத்துவது, பல படிமங்களில் அது தொலைந்துபோயிருக்கும். ஆனாலும் விரல்களின் வளைவில் வில் இருப்பது தெரியும். பக்கத்தில் சீதை ஒரு கையில் பூவை ஏந்தும் முத்திரையோடும் மறுகையைத் தளரவிட்டும் நிற்பாள். இருவருக்கும் தனித்தனிப் பீடம், தனித்தனி வார்ப்பு. ஒருவரையொருவர் தொடுவதில்லை. அந்த இடைவெளியில்தான் நம் சிற்பிகள் காதலைச் சொன்னார்கள்.

பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் வேறு வழியில் போனார். தாந்தேயின் காவியத்தில் வரும் பாவ்லோ, பிரான்செஸ்கா என்ற காதலர்களை ‘முத்தம்’ என்ற சிலையாக வடித்தார். இருவரும் சேர்ந்து ஒரு காதல் கதையைப் படிக்கும்போது மனம் இழந்தவர்கள். சிலையில் பாவ்லோவின் கையில் அந்தப் புத்தகம் இன்னும் நழுவாமல் இருக்கும். 1898 முதல் இருபது ஆண்டுகளில் அதை வெண்கலத்தில் முந்நூறு படிகளுக்கும் மேல் வார்த்தார்கள். இதே ரொதேன்தான் சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படங்களில் பார்த்தே வியந்து எழுதியவர். 1921இல் அந்தக் கட்டுரை அச்சானபோது அவர் உயிரோடு இல்லை.

சுவாமிமலை வார்ப்பில் முந்நூறு படிகளுக்கு வழியில்லை. தென்னங்கீற்றை மடித்து அளவு எடுப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் மேலும் பூசிக் கம்பி கட்டிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் போகும். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று. பிறகுதான் உளி வேலை. வளையல்களில் கோடு விழுவதும் அப்போதுதான்.

ஒன்றே ஒன்று என்பதால்தான் களவு போனால் நெஞ்சு பதைக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் அனந்தமங்கலம் இராசகோபாலசுவாமி கோயிலின் விசயநகரக் காலத்து இராமன், சீதை, இலக்குவன் படிமங்கள் 1978இல் திருடுபோயின. 1958இல் எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருந்ததால் அடையாளம் கண்டார்கள். 2020இல் மூன்றும் லண்டனிலிருந்து ஊர் திரும்பின. படம் மட்டும் இல்லாதிருந்தால் அவை நம்முடையவை என்று நிறுவப் பெரும் பாடு பட்டிருப்போம்.

காவியத்தைச் சிற்பமாக்குவது செட்டிநாட்டுக்குப் புதிதும் அல்ல. காரைக்குடிக்குப் பக்கத்துப் பிள்ளையார்பட்டியில் பிறந்து, அழகப்பா கல்லூரியில் படித்த வை. கணபதி ஸ்தபதிதான் பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை உருவாக்கினார். 1973இல் அது திறக்கப்பட்டது. கோவலன் கண்ணகி கதை அங்கே கல்லில் தொடர்ந்து போகும். கம்பனுக்கு மணிமண்டபமும் தமிழுக்குக் கோயிலும் எடுத்த ஊர் காரைக்குடி. சா. கணேசனே சிற்பத்திலும் கல்வெட்டிலும் தேர்ந்தவர்.

பூசைப் படிமத்துக்கு ஆகம விதி உண்டு, கையின் முத்திரையை விருப்பம்போல் மாற்ற முடியாது. ஆகவே நான் கேட்பது பூசைக்கு அல்ல, மணிமண்டபத்தில் வைப்பதற்கு. ஆளுயரம்கூட வேண்டாம், இரண்டரை அடி போதும். இராமன் ஒரு பக்கம், பத்தடி தள்ளிச் சீதை. வலக்கை விரல்கள் இடக்கை வளையலில், கண் மட்டும் ஓரத்தில். முகத்தை எந்த அளவு சாய்ப்பது என்பது சிற்பிக்குப் பெரிய சோதனை. ஒரு நூல் கூடினால் நாடகமாகிவிடும், குறைந்தால் வெறும் அலங்காரம். சுவாமிமலையில் அதைச் செய்யக்கூடிய கைகள் இன்றும் உண்டு.

எத்தனையோ கோயில்களுக்குத் திருப்பணி செய்து பழகியவர்கள் நகரத்தார். கம்பன் கழகங்களும் அவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், அடுத்த சில திருநாள்களுக்குள் இது நடந்துவிடும். பேசத் தொடங்குங்கள்.