பொம்மை நிலையத்துக்குப் பூசும் முதுமை

வீட்டைக் கட்டி முடித்ததும் அதற்குப் புதுமெருகு ஏற்றுவது உலக வழக்கம். புதிய கட்டடத்தைப் பழையதாக்குவதற்கென்றே தூரிகை ஏந்துவோரும் உளர். வீட்டுத் தோட்டத்திலே சிறு புகையிரதம் ஓட்டி மகிழ்வோரே அவர்கள்.

ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் இயங்கிய லேமன் நிறுவனம், மழையிலும் வெயிலிலும் ஓடத்தக்க பெரிய மாதிரிப் புகையிரதத்தை 1968ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் தண்டவாளங்களின் இடைவெளி 45 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் அகலமுள்ள மெய்யான பாதையை ஏறத்தாழ 22.5 மடங்கு சுருக்கிய அளவு இது. இவ்வளவின்படி, இரண்டு மீற்றர் உயரமான கதவு 9 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்துவிடும்.

பாதையோரத்தில் வைக்கும் நிலையங்களும் வீடுகளும் பல பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அச்சிலிருந்து வந்தபடியே வைத்தால், அவற்றின் மினுமினுப்பே 'யாம் பொம்மைகள்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அஃதன்றி வேறோர் ஆபத்தும் உண்டு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கி, நாளடைவில் நொருங்கச் செய்கின்றன. வர்ணப் பூச்சு அக்கதிர்களைத் தடுக்கும் கவசமாகின்றது.

முதலிற் பாகங்களைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தல் வேண்டும். எண்ணெய்ப் பசை இருப்பின் வர்ணம் பற்றாது. பின்பு பளபளப்பற்ற அடிப்பூச்சும், அதன்மேல் உரிய நிறமும் பூசப்படும். அடுத்து, நீர் மிகக் கலந்த கருநிறத்தைத் தடவி உடனே துடைப்பர். மேட்டில் நீங்கிய நிறம் செங்கல் இடுக்குகளில் தங்கி நிழலாகும். வர்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் விளிம்புகளை மெல்ல வருடினால், வெயிலில் வெளிறிய தோற்றம் உண்டாகும். ஈற்றில், புற ஊதாக் கதிரைத் தாங்கும் மங்கலான வார்னிஷ் பூசப்படும்.

இக்கலையின் உயிர் கண்ணிலேயே உள்ளது. எவ்விடத்து அழுக்குக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். இரும்பு ஆணியின் கீழே கறள் வடியும். எஞ்சின் கொட்டகையின் வாயில்மேல் கரி படியும். மழைத்துளி தெறிக்கும் சுவரடியிற் பாசி படரும். காரணமின்றி எங்கும் ஒரேவிதமாய்ப் பூசிய அழுக்கு பொய்யாகவே தோன்றும். ஆதலால், தூரிகையை எடுக்குமுன் நாம் மெய்யான பழஞ்சுவர் ஒன்றைச் சற்றுநேரம் உற்றுநோக்குதல் நன்று. நீர் வழிந்த தடமும் வெயில் விழுந்த திசையும் அங்கே தெரியும். மாணவர்க்கு இது நல்லதொரு விஞ்ஞானப் பாடமுமாகும்.

இங்ஙனம் கையால் வரைந்த முதுமை, கட்டடத்தை மெய்யான முதுமையினின்றும் காத்து நிற்கின்றது.