முதல் ஹெட்செட்: பறக்கப் பழகுபவர் எதைப் பார்த்து வாங்குவது?

செஸ்னா 172 விமானத்தில் எஞ்சின், பயிற்சி மாணவரின் கால்களுக்கு நேர் முன்னால் இருக்கிறது. நடுவே ஒரு மெல்லிய உலோகத் தடுப்பு மட்டுமே. சீராகப் பறக்கும்போது அந்த எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2400 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 40 சுற்று. இரண்டு அலகுகள் கொண்ட புரொப்பெல்லர் நொடிக்கு 80 முறை காற்றை வெட்டும். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து அதே நொடியில் 80 முறை வெடிக்கும். இரண்டும் சேர்ந்து எழுப்பும் அந்த அடித்தொனி உறுமல் காதோடு நிற்பதில்லை, நெஞ்சுக்கூட்டிலும் அதிரும்.

இத்தகைய சிறு விமானங்களின் காக்பிட் இரைச்சல் 90 டெசிபெல்லை எளிதில் தாண்டிவிடும். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பின்படி, 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம்வரை கேட்கலாம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபெல் என்றால் ஒரு மணி நேரம்தான். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த இரைச்சலுக்கு வெறும் காதைக் கொடுத்தால், உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் மெல்ல மடியும். மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை. பைலட்டுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் செவித்திறனையும் சோதிப்பார்கள் என்பதால், போவது காது மட்டுமல்ல, வேலையும்தான்.

பாதுகாப்பு இதில் பாதி. மறுபாதி, சொன்னது சரியாகக் காதில் விழுவது. வானொலித் தொடர்பில் ஒன்பதை ‘நைனர்’ என்றும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் உச்சரிக்க உலகம் முழுவதும் விதி இருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே இரண்டும் ஒன்றுபோல ஒலித்துவிடும் என்பதுதான் காரணம். முதல் பத்து மணி நேரத்தில் மாணவருக்குக் கையும் காலும் கண்ணும் ஓயாத வேலை. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதை இரண்டாம் முறை கேட்கவேண்டி வந்தால், அந்தச் சில நொடிகளில் விமானத்தின் உயரமும் வேகமும் கைநழுவும். நல்ல ஹெட்செட்டை வசதிப் பொருளாகப் பார்க்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சந்தையில் இருப்பவை அடிப்படையில் இரண்டே வகை. முதல் வகை ‘பாஸிவ்’. காதைச் சுற்றி மூடும் கனத்த கூடு, உள்ளே நுரை, விளிம்பில் மெத்தை, இறுக்கிப் பிடிக்கும் தலைப்பட்டை. மின்கலம் இல்லாமலே இரைச்சலைத் தடுக்கும். பயிற்சிப் பள்ளிகளில் தென்படும் பச்சை நிறக் காதுக்கூடுகள் பெரும்பாலும் டேவிட் கிளார்க் கம்பெனியுடையவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரத்து நிறுவனம் அது. ஜெமினி விண்வெளி வீரர்களின் உடைகளைத் தைத்ததும் அவர்களே. அவர்களுடைய எச்10-13.4 மாடல், ஆய்வகக் கணக்கில் 23 டெசிபெல் குறைக்கும். விலை சுமார் 400 டாலர். காது மெத்தை, மைக் நுரை, ஒயர் என ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைப்பதால், ஒன்று கெட்டால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

பாஸிவ் கூடுகள் கீச்சொலியை நன்றாகத் தடுக்கும். அடித்தொனியிடம்தான் தோற்கும். அந்த 80 அதிர்வு உறுமல் நுரையையும் மெத்தையையும் ஊடுருவி உள்ளே வந்துவிடும். ‘ஆக்டிவ் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ எனப்படும் இரண்டாம் வகை பிறந்தது அதைச் சமாளிக்கத்தான். காதுக்கூட்டுக்குள் ஒரு நுண்ணிய மைக் இரைச்சலைக் கேட்கும். மின்சுற்று அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழ, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இந்த யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அன்றைய மின்னணுவியல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1978-ல் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டன் திரும்பிக்கொண்டிருந்த, போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினார். எஞ்சின் இரைச்சலில் இசையே எடுபடவில்லை. அந்தப் பயணத்திலேயே தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். வங்காளத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துவிட்டு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த ஒரு விடுதலைப் போராளியின் மகன் அவர். 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றியபோது, அவர்கள் காதில் இருந்தவை போஸ் நிறுவனத்தின் சோதனை ஹெட்செட்டுகள். கிடத்திப்போட்ட டெலிபோன் பூத் அளவே இருந்த அறையில், எஞ்சினை ஒட்டியே ஒன்பது நாள்! அதைவிடக் கடுமையான சோதனை அந்தக் கருவிக்கு அமைந்திருக்காது. 1989-ல் அது விற்பனைக்கு வந்தது.

இன்றைய போஸ் ஏ30 மாடலின் விலை 1,300 டாலரை ஒட்டி இருக்கிறது. ரூபாயில் ஒரு லட்சத்துக்கும் மேல். லைட்ஸ்பீட் நிறுவனத்தின் டெல்டா ஸுலு மாடலில், எஞ்சினிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடைக் கண்டு எச்சரிக்கும் வசதியும் உண்டு. மணமோ நிறமோ இல்லாத அந்த வாயு சிறு விமானங்களில் உயிரைப் பறித்திருக்கிறது என்பதால் அதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. எல்லாம் சரி, பயிற்சி தொடங்கும் மாணவருக்கு இவ்வளவு செலவு தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. எந்த விலையிலும் முதலில் பார்க்க வேண்டியது, காது மெத்தை தலையோடு இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்பதே. மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால், அந்த இடுக்கு வழியே இரைச்சல் கொட்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது இரண்டு கூடுகளையும் உள்ளங்கையால் காதோடு அழுத்திப் பார்க்கலாம். சட்டென்று சத்தம் குறைந்தால், அதுவரை ஒழுகிக்கொண்டிருந்தது என்று பொருள். மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறினாலே பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் ஈடாகிவிடும். இறுக்கத்தையும் எடையையும் கடையில் ஐந்து நிமிடத்தில் கணிக்க முடியாது. நண்பரிடமோ பள்ளியிலோ அதே மாடலை வாங்கி, கொண்டையோ கண்ணாடியோ எதுவோ அதோடு, ஒரு மணி நேரமாவது பறந்து பார்ப்பதே சரி.

அடுத்தது பிளக். செஸ்னா போன்ற பயிற்சி விமானங்களில் இரட்டை பிளக்: கேட்பதற்குத் தடித்தது, மைக்குக்குச் சற்று மெலிந்தது. ஹெலிகாப்டருக்கு வேறு ஒற்றை பிளக். ஏர்பஸ் விமானங்களில் ஐந்து முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வகை. இந்தியாவில் படித்து முடிக்கும் பலர் ஏர்பஸ் ஏ320 ஓட்டத்தான் போகிறார்கள். அந்தக் காக்பிட்டின் இரைச்சலும் குறைவு, அங்கே மாட்டும் ஹெட்செட்டும் இலகுவானது. ஆகவே ‘ஆயுள் முழுக்க ஒன்றே போதும்’ என்று லட்ச ரூபாய் போடும் கணக்கு பலருக்குப் பொய்த்துவிடும்.

வாங்கிய பிறகு பலரைக் குழப்புவது ஒரு சின்ன ஸ்விட்ச். ஸ்டீரியோ, மோனோ என்று இரு நிலைகள் கொண்டது. பழைய விமானங்களின் இன்டர்காம் மோனோ. ஹெட்செட்டை ஸ்டீரியோவில் விட்டால் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும். புது ஹெட்செட் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புமுன் அதைப் பார்க்க வேண்டும். மைக்கும் அப்படித்தான். சுற்றுப்புற இரைச்சலைக் கழித்துவிடும் மைக், உதட்டை ஒட்டி மூன்று மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால்தான் குரலைப் பிரித்தெடுக்கும். தாடைக்குக் கீழே தொங்கவிட்டுப் பேசினால் கோபுரத்துக்கு எஞ்சின்தான் கேட்கும்.

ஆக்டிவ் ஹெட்செட் எச்சரிக்கை ஒலிகளையும் விழுங்கிவிடுமோ என்ற கவலை நியாயமானதே. செஸ்னா 172-ல் வேகம் ஆபத்தாகக் குறைந்தால், இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டு ஒரு ஊதல் ஒலிக்கும். அது கீச்சுத்தொனி, ஆக்டிவ் சுற்று அழிப்பது அடித்தொனியை. எனவே அது காதில் விழும். ஆனாலும் ‘விழும்’ என்ற நம்பிக்கை போதாது. பயிற்சியின்போது இன்ஸ்ட்ரக்டர் விமானத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோகும் நாளில், சொந்த ஹெட்செட்டில் அந்த ஊதல் எப்படிக் கேட்கிறது என்று கவனித்து மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதும் மோசமில்லை. காது மெத்தை இறுகி வெடித்திருந்தால் புதிது போட்டுவிடலாம். மைக் நுரையை எப்படியும் மாற்ற வேண்டும். தலைவலி அடிக்கடி வருபவர்களும் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் பறக்கப்போகிறவர்களும் ஆக்டிவ் வகைக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. அந்த அடித்தொனி அடங்கினால் களைப்பு வெகுவாகக் குறையும். மற்றவர்களுக்கு, தலைக்குச் சரியாகப் பொருந்தும் நல்ல பாஸிவ் ஹெட்செட் ஒன்று உரிமம் வாங்கும்வரை தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தைப் பறக்கும் மணி நேரத்தில் போடலாம்.

இன்னும் எதுவும் வாங்காமல் பள்ளியின் பொது ஹெட்செட்டை மாட்டிப் பறப்பவர்கள் அதற்கு அடியில் காதில் நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடி வைத்துக்கொண்டு, ரேடியோ ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் அடங்கும், பேச்சு தெளிவாகவே கேட்கும். காதடைப்பான் மருந்துக் கடையிலேயே சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அடுத்த பயிற்சிக்குப் போகுமுன் வாங்கிவிடுங்கள்.