ஹுஸைனின் ஓவியத்துக்கு ஏன் இந்த விலை?

2025 மார்ச் 19 ஆம் திகதி நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், எம்.எப். ஹுஸைன் 1954 இல் வரைந்த 'கிராம் யாத்ரா' என்ற ஓவியம் 13.75 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. ஏல நிறுவனம் எதிர்பார்த்திருந்தது 2.5 முதல் 3.5 மில்லியன் வரைதான். நவீன இந்திய ஓவியம் ஒன்று அதுவரை ஏலத்தில் இவ்வளவு பெற்றதில்லை. அதற்கு முந்திய சாதனை 2023 இல் அம்ரிதா ஷேர்கிலின் ஓவியம் பெற்ற சுமார் 7.4 மில்லியன் டொலர்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "சர்ச்சையில் மாட்டினார், அதனால் விலை ஏறியது." எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹுஸைன் 1915 இல் மகாராஷ்டிராவின் பண்டர்பூரில் பிறந்தவர். சிறுவயதில் அரபு எழுத்தணிக் கலை பயின்றார். பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தார். தியேட்டர் வாசல்களில் தொங்கிய பெரிய பெனர்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்தத் தொழிலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தூர நின்று பார்ப்பவனுக்கும் புரியும்படி தடித்த கோட்டில், துணிந்த நிறத்தில் வரைய அவர் கற்றது அங்கேதான். முஹர்ரம் ஊர்வலங்களில் கண்ட குதிரை பின்னர் அவருடைய அடையாளமாகவே ஆனது.

1947 இல் பம்பாயில் எப்.என். சூஸா முதலியோர் தொடங்கிய முற்போக்குக் கலைஞர் குழுவில் அவரும் சேர்ந்தார். அதற்கு 4 ஆண்டுகள் முன்பே கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற் முதலியோர் '43 குழு'வை அமைத்திருந்தார்கள். இன்று கீற்றின் ஓவியங்களும் ஹுஸைனின் ஓவியங்களும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் ஒரே தெற்காசிய ஏலங்களில் விற்கப்படுகின்றன.

இனி விலைக்கு வருவோம். ஹுஸைன் ஆயிரக்கணக்கில் வரைந்தவர். எல்லாவற்றுக்கும் ஒரே விலை இல்லை. நாடு சுதந்திரமடைந்த சூட்டில், 1950களில் வரைந்தவையே அதிகம் தேடப்படுகின்றன. 'கிராம் யாத்ரா' அந்தக் காலத்தது. 13 சிறு காட்சிகளில் கிராம வாழ்க்கையைக் காட்டும், ஏறத்தாழ 14 அடி நீளமான படைப்பு.

அடுத்தது, அது யார் கையில் இருந்தது என்பது. உலக சுகாதார நிறுவனத்துக்காக டில்லியில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் 1954 இலேயே அதை வாங்கினார். அவர் மூலம் அது நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய், பல தசாப்தங்கள் அங்கேயே இருந்தது. ஆகவே போலியோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தையில் கைமாறிக் கைமாறிப் பழசானதும் இல்லை. இப்படி ஒன்று வரும்போது பணமுள்ள இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் நின்றால் போதும், மதிப்பீடு காற்றில் பறந்துவிடும். வாங்கியவர் டில்லியில் தனியார் அருங்காட்சியகம் நடத்தும் கிரண் நாடார் என்று இந்திய ஊடகங்கள் எழுதின.

இதில் சர்ச்சையின் பங்கு என்ன? 1970களில் இந்துப் பெண் தெய்வங்களை ஆடையின்றி அவர் வரைந்த கோட்டோவியங்கள் 1996 இல் ஒரு சஞ்சிகையில் வெளிவந்த பிறகுதான் எதிர்ப்பு மூண்டது. 1998 இல் அவருடைய பம்பாய் வீடு தாக்கப்பட்டது. வழக்குகள் குவிந்தன. 2006 இல், 90 வயதில் நாட்டை விட்டுப் போனார். 2008 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் அவருக்கெதிரான ஆபாசக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தும் அவர் திரும்பவில்லை. 2010 இல் கட்டார் குடியுரிமை பெற்று, 2011 ஜூன் 9 இல் லண்டனில் காலமானார்.

அந்த 2008 இலேயே, டில்லியில் நடந்த முதலாவது இந்திய கலைச் சந்தையில் தாக்குதலுக்கு அஞ்சி அவருடைய ஓவியங்களை வைக்கவில்லை. 2025 ஜனவரியில்கூட டில்லி நீதிமன்றம் ஒன்று கண்காட்சியில் இருந்த அவரது 2 ஓவியங்களைக் கைப்பற்ற உத்தரவிட்டது. இரண்டு மாதங்களில் நியூயோர்க்கில் சாதனை விலை. சர்ச்சை பெயரைப் பரப்பும், உண்மைதான். ஆனால் சுவரில் மாட்டவே பயப்பட வேண்டிய படத்தை வாங்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. சர்ச்சைக்குள்ளான கோட்டோவியங்கள் அல்ல, கிராமத்து மக்களை வரைந்த ஓவியமே சாதனை படைத்தது என்பதையும் கவனியுங்கள்.

நம்மவர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஹுஸைனை "எங்கள் ஆள்" என்று தாங்கிப் பேசுபவர்கள் 2004 ஐ மறந்துவிடுகிறார்கள். அவர் இயக்கிய 'மீனாட்சி' படத்தின் பாடலொன்றில் சூரா அந்நூரின் சொற்கள் பயன்படுத்தப்பட்டன என்று முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. படம் தியேட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டது.

உயிருள்ளவற்றை வரைவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விடுகிறேன். புண்பட்டவர் கண்டிக்கலாம், மறுத்து எழுதலாம், வாங்காமல் விடலாம். அந்த உரிமை இந்துக்களுக்கும் நமக்கும் சமம். வீட்டை உடைப்பதும் படைத்தவனை ஊரை விட்டுத் துரத்துவதும் அந்த உரிமைக்குள் வராது.

இதை இலங்கை முஸ்லிம்களாகிய நாம் மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி தொடர்பாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழில் எழுதிய கவிதைக்குப் பிறர் கொடுத்த பொருள், ஓர் இளைஞனின் ஒன்றரை வருடத்தைச் சிறையில் தின்றது.

2025 நவம்பரில் டோஹாவில் ஹுஸைனுக்கென்றே 'லவ்ஹ் வ கலம்' என்ற அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிறந்த நாடு வைத்துக்கொள்ளத் தயங்கியதைக் கட்டார் பெருமையோடு வைத்திருக்கிறது. நம்மிடையே எழுதவும் வரையவும் முனையும் பிள்ளைகளை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதுதான், அந்த 13.75 மில்லியனைவிட எனக்கு முக்கியமான கணக்கு.