தாராபுரத்தில் காட்ட என்ன இருக்கிறது?

மன்னாருக்கு வருகிற வெளியூர்க்காரருக்குக் காட்ட ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் பிடித்த கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், திருக்கேதீஸ்வரம், தலைமன்னார் இறங்குதுறை. எருக்கலம்பிட்டியின் அயலிலுள்ள முஸ்லிம் கிராமமான தாராபுரத்தில் வாகனத்தை நிறுத்துவதற்கு அந்தப் பட்டியலில் ஒரு காரணமும் கிடையாது. அங்கே ஒரு வரலாற்றுக் கண்காட்சி வைக்க வேண்டும் என்றால், எதைக் கொண்டு வைப்பது என்று கேட்பார்கள். வைக்க நிறையவே இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டால் பயனில்லை. பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும், கூட்டத்திலிருந்து எழுந்து “அப்படியில்லை” என்று மறுக்க இன்னொருவர் வேண்டும்.

பழைய பொருளுக்கே இந்தத் துணை தேவைப்படுகிறது. மன்னார் தீவுக்கு எதிரே பெருநிலத்திலுள்ள மாதோட்டத் துறைமுகத்தில் ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வு, போரினால் 1984இல் நின்றுபோனது. கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் தோண்டியபோது மிளகுடன் ஒரு கராம்பும் அகப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. அந்நாளில் கராம்பு விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில்தான். தட்டில் வைத்துக் காட்டினால் எந்தக் குசினியிலும் கிடக்கிற கராம்புதானே என்று பார்ப்பவர் நகர்ந்துவிடுவார். எத்தனை கடல் தாண்டி, எத்தனை கை மாறி அது இந்தக் கரைக்கு வந்தது என்று ஒருவர் விளக்கினால்தான் நின்று பார்ப்பார்.

இதற்கு மாளிகையும் பெருநிதியும் வேண்டாமா என்று கேட்கலாம். எஸ். முத்தையா உள்ளிட்ட சிலர் 2004இல் தொடங்கிய சென்னை தினம், புகைப்படக் காட்சி, பேச்சு, தெரு நடை என்று ஆர்வலர்களின் உழைப்பில் வளர்ந்தது. அதன் மீதுள்ள பெரிய குறை வேறு: 1639இல் ஆங்கிலேயர் நிலம் பெற்ற நாளை நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கு முன்பே இருந்தவை. தாராபுரம் அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம், கொண்டாட்டத்தை விட்டுவிடலாம். இந்த ஊர் மறக்க முடியாத தேதி பிறந்தநாள் அல்ல. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். மன்னார் தீவு மக்கள் பெரும்பாலும் கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டை விட்டுப் போனவர்களிடம் எஞ்சியவை காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு, ஒன்றிரண்டு படங்கள். இவற்றைப் பெறுமதியான சான்றுகளாக முதலில் கண்டவர்களில் ஒருவர், எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா. 2018இல் அவர் காலமாகும்வரை அகதி வாழ்வை ஆவணப்படுத்தும் வேலை நிற்கவில்லை.

தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நிறவெறி அரசு அப்புறப்படுத்தியது. ஒரு பழைய தேவாலயத்தில் 1994இல் திறந்த அதன் அருங்காட்சியகத்தில் தரை நிறையத் தெரு வரைபடம் விரித்திருக்கிறார்கள். பழைய குடியிருப்பாளர்கள் குனிந்து தங்கள் வீடு, கடை இருந்த இடங்களில் பெயர் எழுதினார்கள். அங்கே காட்சிப்பொருளைச் செய்தவர்களே பார்க்க வந்தவர்கள்தான்.

ஆறிய புண்ணைக் கீறிப் பார்ப்பதா, தமிழரும் முஸ்லிம்களும் மறுபடி முறைத்துக்கொள்வார்களே என்பது கனமான ஆட்சேபம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மேடையில் பேசாத விஷயம் தேர்தல் காலத்தில் எப்படியும் வெளியே வருகிறது, அப்போது பாதிதான் வருகிறது. அயல் ஊர்த் தமிழர் 1990இல் கண்டதையும் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் அதே மேடையில் சொல்ல இடம் இருந்தால், குற்றச்சாட்டுக்கு அப்பாலும் பேச்சு போகும்.

இன்னொரு ஆட்சேபம் படித்தவர்களிடமிருந்து வரும்: நினைவு தவறும், ஆய்வுகூடம்தான் நம்பத்தக்கது. நினைவு தவறும், உண்மைதான். ஆனால் மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் வெளிப்பட்ட புதைகுழியை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் கார்பன் சோதனைக்கு அனுப்பிய சில மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று முடிவு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுக்கு அத்துடன் விஷயம் முடிந்துவிடவில்லை. எந்த மாதிரிகளை அனுப்பினார்கள், மற்றவை என்ன என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்தக் கேள்விகளை ஊரறியக் கேட்டுப் பதில் பெற ஒரு பொதுமேடை இருந்தால் ஆய்வுகூடத்தின் முடிவுக்கும் வலு கூடும்.

ஆகவே தாராபுரத்துக்கு முதலில் வேண்டியது பாடசாலை மண்டபமும் பெரிய தாள் வரைபடமும்தான். முதல் கூட்டம் ஊரில் நடக்கட்டும், அடுத்தது புத்தளத்தில். 1990இல் வெளியேறிப் போய் அங்கேயே வேரூன்றிவிட்டவர்களும் ஊரின் பங்காளிகளே. ஒரே வீட்டை இரண்டு பேர் இரண்டு இடத்தில் குறித்தால், யார், எந்தத் திகதியில் சொன்னார் என்று ஓரத்தில் எழுதி இரண்டையும் அப்படியே வைத்திருக்கலாம். காணித் தகராறு எழும் என்று அஞ்சுவோருக்காக, இது உரிமைப் பத்திரமல்ல என்ற ஒரு வரியையும் வரைபடத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.