தரங்கம்பாடியின் காலித் திடல்

மயிலாடுதுறை மாவட்டத்தின் கடலோரத்தில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது தரங்கம்பாடி. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்கு எதிரே விரிந்து கிடக்கும் திடலைப் பார்ப்பதற்குரிய இடமாக எவரும் கருதுவதில்லை. அண்மையில் அங்கே ஒரு பகல் முழுவதையும் கழித்தபோது, அந்தத் திடலிலிருந்து தொடங்கினால்தான் ஊர் விளங்கும் என்று எனக்குத் தோன்றியது.

1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலின் வழியாக நுழைந்து ராஜ வீதியில் கிழக்கு நோக்கி நடந்தால், 1701-இல் எழுந்த சீயோன் ஆலயத்தையும் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தையும் கடந்து திடலை அடையலாம். அதன் ஓரத்தில் டேனிஷ் ஆளுநர் மாளிகை. கடலை ஒட்டி டான்ஸ்போர்க் கோட்டை. இடையில் இருப்பது வெறும் மணல்வெளி. கோட்டை கட்டுவோர் அதன் முன்னே நிலத்தைக் காலியாக விட்டதற்குக் காரணம் உண்டு. எதிரி மறைந்து நெருங்க வீடோ மரமோ இருக்கக் கூடாது. பீரங்கியின் பார்வைக்குத் தடை இருக்கக் கூடாது. அமைதிக் காலத்தில் அதே வெளி படைவீரர்களின் அணிவகுப்புக்குப் பயன்பட்டது. இன்று நமக்கு அழகாகத் தெரியும் இந்த வெளி, அச்சத்தில் பிறந்தது.

அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. டேனியர்கள் முதலில் நாடி வந்தது தரங்கம்பாடியை அன்று. கண்டி அரசரோடு உடன்பாடு செய்யும் எண்ணத்தில் இலங்கைக்குத்தான் வந்தார்கள். அது கைகூடாமற்போகவே, தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் வந்து, 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுதோறும் குத்தகை செலுத்தும் நிபந்தனையில் இந்த இடத்தைப் பெற்றார்கள். டென்மார்க் மன்னருக்கு இரகுநாதர் தங்க ஏட்டில் தமிழில் எழுதியனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டையை எழுப்பியவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக அல்ல, குத்தகைக்காரர்களாகவே வாழ்க்கையைத் தொடங்கினார்கள் என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் அழுத்திச் சொல்வதில்லை.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. 1643-க்குப் பின் 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. எஞ்சியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மடிய, எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்க என்ற சாதாரண மனிதர் கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். நீண்ட காலம் தாய்நாட்டின் உதவியே இல்லாமல் இந்தச் சிற்றூர் தாக்குப்பிடித்தது என்றால், உள்ளூர் மக்களின் உழைப்பும் வணிகமும் இல்லாமல் அது நடந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

இதே கோட்டைக்குள்தான் சீகன்பால்க் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். 1706 சூலையில் டென்மார்க் மன்னரின் ஆதரவோடு வந்திறங்கிய செருமானியப் பாதிரியார் அவர். ஆனால் இங்கிருந்த டேனிஷ் அதிகாரிக்கு அவரைப் பிடிக்கவில்லை. மன்னர் அனுப்பியவரை மன்னரின் கோட்டையிலேயே 1708-இல் அடைத்தார்கள். விடுதலையான பிறகு அவர் அச்சுக்கூடம் நிறுவியதும், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் பலரும் அறிந்தவை. 1719-இல் மறைந்த அவர், திடலுக்கு அருகே தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. பதினாறு ஆண்டுகளில், 1861-இல், நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தது. சரக்குகள் அங்கே போயின. தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. ஊர் வளர்ந்திருந்தால் இந்தத் திடலில் கிடங்குகளோ அலுவலகங்களோ கடைத்தெருவோ முளைத்திருக்கும். வறுமைதான் இதைக் காப்பாற்றிக் கொடுத்தது. இதை நன்மை என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேலை தேடி வெளியேறிய குடும்பங்களின் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை.

திடலிலிருந்து வடக்கே சிறிது நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு பட்டினம் இருந்ததற்குக் கல்லில் சான்று அது. அந்தக் கல்வெட்டு ஊரைச் 'சடங்கன்பாடி' என்றும் 'குலசேகரன்பட்டினம்' என்றும் குறிக்கிறது. 'அலைகள் பாடும் ஊர்' என்று இன்று சொல்லப்படும் பெயர்ப்பொருள் இனிமையாக இருக்கிறது. கல்வெட்டோ வேறு பெயர் சொல்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டிருக்கின்றன.

2004 திசம்பர் 26 அன்று அதே கடல் மீனவர் குடியிருப்பை அழித்தது. அதற்குப் பிறகு வந்த காலமே இன்றைய தரங்கம்பாடியை உருவாக்கியது. 2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்த குடும்பங்களுக்கு உள்ளே தள்ளி இலவச வீடு தருவதாகவும், பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் கூறியது. அங்கேயே இருக்க விரும்புவோர் இருக்கலாம். ஆனால் வீடுகட்ட உதவி கிடைக்காது. உயிரிழப்பைக் கண்டவர்களுக்கு இதில் நியாயம் உண்டு. எனினும் கடலைப் பார்க்காமல் கடல் தொழில் செய்வது எப்படி என்ற மீனவரின் கேள்வியிலும் நியாயம் உண்டு.

அதே ஆண்டுகளில் ஊரின் டேனிஷ் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்போடு ஆளுநர் மாளிகை மீண்டும் எழுந்தது. கடலோரத்துப் பழைய மாளிகை ஒன்று பாரம்பரிய விடுதியாயிற்று. பழங்கட்டடங்களைக் காப்பது நல்ல பணி, செப்பமாகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் மீனவர் கடலை விட்டுத் தள்ளிப் போகவும், பயணிகள் கடலோரத்தில் தங்கவும் ஏற்றவாறு ஓர் ஊர் மாறும்போது, அதைப் 'பாரம்பரிய நகரம்' என்று மட்டும் அழைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

நான் போயிருந்த அன்று மாலை திடலில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பக்கம் மட்டைக்காரர் நின்றார். பந்து வீச்சாளர் மாளிகைப் பக்கமிருந்து ஓடி வந்தார். இதைப் புல்தரையாக்கி, கம்பி வேலியிட்டு, கட்டணம் வாங்கும் திட்டம் எந்த அலுவலகத்தின் கோப்பிலும் உருவாகாமல் இருக்க வேண்டும். செய்ய வேண்டியது மிகச் சிறிது: குலசேகரன்பட்டினம், இரகுநாத நாயக்கரின் குத்தகை, சீகன்பால்க்கின் சிறை, 2004-இன் இழப்பு ஆகிய நான்கையும் தமிழில் எழுதிய ஒரு பலகை, நிழலுக்கு ஓரத்தில் சில மரங்கள், வலை உலர்த்த வருகிறவரை விரட்டாத ஒரு காவலர்.